கடைசிப் பத்தி என்னுடையது, மதினி

கூமாப்பட்டியில் பிறந்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வாழவந்த என் அருமை மதினிக்கு,

உங்கள் கதை அச்சில் வந்துவிட்டது. போன வாரம் தபாலில் இரண்டு பிரதி வந்தது. ராமலட்சுமி என்று உங்கள் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பொருளடக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். நான் எழுதியது எதையுமே அனுப்பாத இதழில்.

எண்பதுகளின் கடைசியில் அந்தச் சனி, ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், புதிதாக எழுதுகிறவர்களுக்குச் சிறுகதைப் பயிற்சி முகாம். நான் அப்போது பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதை எழுதுவேன். என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்துப் பத்திரிகைக்கு அனுப்புவேன். அந்த உறை தவறாமல் திரும்பி வரும். தபால்காரர் வாசலில் நின்று, "தாயி, ஒங்க கையெழுத்துலயே ஒங்களுக்கு லெட்டர் வந்திருக்கு" என்பார்.

முகாமுக்குப் போக அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார். "ஒத்தையில போகப்படாது. மதினியக் கூட்டிட்டுப் போ." அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நீங்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு எனக்குத் துணைக்கு வந்தீர்கள். துணைக்கு மட்டும்தான் வந்தீர்கள், மதினி.

முகாம் நடத்திய சிற்றிதழ் ஆசிரியர், வீட்டில் கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி எல்லோருக்கும் தாள் கொடுத்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் ஒன்றை நீட்டினார்.

"ஐயோ, நான் சும்மா கூட வந்தவ சார்."

"அப்ப சும்மா எழுதுங்கம்மா."

நான் கோயில் மணியோசையை எழுதினேன். நீங்கள் அண்ணனின் டிரங்குப் பெட்டியை எழுதினீர்கள். லீவில் வந்த அன்றைக்கு அது திறக்கிற சத்தம். திரும்பிப் போகிற அன்றைக்கு அது பூட்டுகிற சத்தம். நடுவில் அவர் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "வார்த்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் காணோம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டீர்கள். "ஏட்டி விஜயா, அந்த சார் கேலி பண்ணுதாரோன்னு நெனச்சேன். நெசமாவே நல்லாவா இருக்கு?"

"புதுசா எழுதுறவங்கள அப்படித்தான் தட்டிக்கொடுப்பாங்க மதினி" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிறு அப்படி எரிந்தது.

இரண்டு மாதம் கழித்து உங்கள் மகள் செல்வியின் பழைய நோட்டில் பென்சிலால் ஒரு முழுக்கதை எழுதிக் கொண்டுவந்தீர்கள். "என் எழுத்து கோணலா இருக்கும். நீ டைப் அடிச்சு அந்த சாருக்கு அனுப்பிரு. சரியில்லன்னா திருத்திக்கோ" என்றீர்கள். கதையின் முடிவில் அவன் பெட்டியைப் பூட்டுகிறான். அவள், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறாள். அவ்வளவுதான்.

அதற்குக் கீழே நான் ஒரு பத்தி சேர்த்தேன். கண்ணீர், விதி, வானத்து நிலவு எல்லாம் அதில் இருந்தன. கதையை மெருகேற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கெடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது?

ஆசிரியரின் பதில் என் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. கதை மிகவும் பிடித்திருக்கிறது, கடைசிப் பத்தி மட்டும் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது, அதை எடுத்துவிடச் சம்மதம் என்றால் ஒரு கார்டு போடுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம் என்று எழுதியிருந்தார். நான் கார்டு போடவில்லை. கடிதத்தை மேஜை டிராயரில் பைல்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"அந்தக் கத என்னாச்சுட்டி?" என்று ஒருநாள் துணி உலர்த்தியபடியே கேட்டீர்கள்.

"திரும்பி வந்துருச்சு மதினி."

"அம்புட்டுதானா!" என்று சிரித்தீர்கள். "ஒனக்கே திருப்பி அனுப்புதாங்க. எனக்கா போடப்போறாங்க?"

நோட்டில் மிச்சமிருந்த தாள்களைச் செல்விக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் கையில் நான் பென்சிலைப் பார்க்கவே இல்லை. என்னால்தானா? வீட்டு வேலையாலா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

பிற்பாடு என் கதைகள் இரண்டு வந்தன. இதழைத் தெருவெல்லாம் கொண்டுபோய், "எங்க நாத்தனா எழுதுனது" என்று காட்டியது நீங்கள்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் காமாலை முற்றி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "லீவு போட்டுட்டு ஏன் இங்க இருக்க? ஆபீசுக்குக் கெளம்பு" என்றீர்கள். கிளம்பிவிட்டேன். அதுதான் நீங்கள் என்னோடு கடைசியாகப் பேசியது.

இந்த வருஷம்தான் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, கதையை அதே ஆசிரியருக்கு அனுப்பினேன். "இப்போதாவது அனுப்பினீர்களே" என்று கார்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு உங்கள் கதை நினைவிருக்கிறது. படித்ததும் மறுபடி அதே எரிச்சல். போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு வெட்கமாக இல்லையா, மதினி? இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது.

பட்டாளத்திலிருந்து நின்று வந்துவிட்ட அண்ணன், இதழை நின்றுகொண்டே படித்து முடித்தார். "இதெல்லாம் கவனிச்சாளா அவ?" என்று மட்டும் கேட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் செல்வி மூன்று தடவை படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, நீங்க இந்த மாதிரி ஒண்ணு எழுதுனதே இல்லையே."

குத்திக்காட்டவில்லை. பிள்ளைக்குத் தோன்றியதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "அம்மா ஏன் இதுக்குப் பொறவு எழுதவே இல்ல?"

"வேலை கெடந்துச்சு, வேற என்ன?" என்றேன். உங்களிடம் ஒரு பொய், உங்கள் மகளிடம் ஒரு பொய்.

இந்தக் கடிதத்தையும் அந்த இதழுக்கே அனுப்பப்போகிறேன். ஆனால் செல்வி இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளையும் அண்ணனையும் உட்காரவைத்து, ஆசிரியர் அன்று எழுதிய கடிதத்தை அவள் கையில் கொடுத்து, நடந்ததை என் வாயாலேயே சொல்கிறேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். தன் அம்மா தானாகத்தான் எழுத்தை விட்டுவிட்டாள் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள்மேல் ஆணை, மதினி.

நீங்கள் தெருவெல்லாம் பெருமை பேசிய
உங்கள் நாத்தனார்,
விஜயா