பதினைந்து நிமிஷத் தூரம்

வெள்ளவத்தை,
திங்கட்கிழமை.

அன்பு மகன் நவரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் உன் தங்கச்சியின் மகள் மயூரியும் இருக்கிறோம். லிப்ட் பழுதாகி மூன்று கிழமை. நாலாம் மாடியில் கிடக்கிறேன். படியில் இறங்கி விழுந்துவிடுவேனாம், அதனால் மயூரி வேலைக்குப் போகும்போது கேற்றைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போகிறாள். கோழியைக்கூடப் பகலில் திறந்துவிடுவார்கள்.

போனில் கதைத்தால் உனக்கும் எனக்கும் சண்டை வரும். அதுதான் இந்தக் கடிதம். மயூரி படம் எடுத்து அனுப்புவாள்.

உன் தம்பி யோகனுக்குப் போன வெள்ளிக்கிழமை வயிற்றில் ஒப்பரேஷன். நீ போய்ப் பார்க்கவில்லையாம். அவ்வளவு தூரமோ என்று மயூரியிடம் கேட்டேன். போனில் தட்டிப் பார்த்தாள். நோர்வேயில் உன் வாட்சோவிலிருந்து அவனுடைய கிர்க்கனேஸுக்கு நாற்பது கிலோமீற்றர்தானாம். பிளேனில் பதினைந்து நிமிஷமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போகவே ஒரு மணித்தியாலம் வேணும்.

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்கு அந்தப் பிளேன் ஓடவில்லையாம், காற்றாம். பனி கொட்டினால் கடலைச் சுற்றிப் போகும் றோட்டையும் மூடிவிடுவார்களாம். அப்போதுதான் அப்பாவின் செத்தவீடு நினைவுக்கு வந்தது.

அப்பா செத்தது இரண்டாயிரத்து மூன்று தை மாதம், செவ்வாய்க்கிழமை. நீ வந்தாய். யோகன் வரவில்லை. பிளேன் எழும்பவில்லை என்றான். ஒரே கடலுக்கு இந்தக் கரையில் இருப்பவனுக்கு வழி, அந்தக் கரையில் இருப்பவனுக்குப் பனியோ என்று கேட்டேன். எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கில் எல்லாருக்கும் முன்னால் உனக்குச் சொன்னேன், இனி அவன் வீட்டில் கை நனைத்தால் நீ என் பிள்ளையில்லை என்று. அப்போதே நீ சொன்னாய், பனி கொட்ட ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டபடியால்தான் வந்து சேர முடிந்தது என்று. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. நான்தான் காதில் போடவில்லை.

கொட்டாஞ்சேனைக் கதையும் கேள். அங்கே இருந்த என் அக்கா பூமணியோடு பதினொரு வருஷம் கோபம். தன் மகளின் கலியாணத்தில் என்னைப் பின் வரிசையில் இருத்தினவள். அவள் வீட்டில் நானும் கை நனைக்கவில்லை. போன ஆனியில் அக்கா முடிஞ்சிட்டா என்று போன் வந்தது. அப்போது லிப்ட் ஓடியது. ஆனாலும் என்ன சீலை உடுப்பது, யாருக்கு முகம் கொடுப்பது என்று மத்தியானம்வரை இருந்துவிட்டேன். ஓட்டோவில் போய் இறங்க, அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் வாசலால் ஓடிவந்து என் காலை நனைத்தது. கை நனைக்க ஆளில்லை.

கை நனைக்காதே என்றவள் நான். இப்போது நானே சொல்லுகிறேன், நனை. புதன்கிழமை காற்று விட்டால் பிளேனில் போ. விடாவிட்டால் றோட்டால் போ. அவன் கட்டிலடியில் இருந்து, அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடி. அம்மா குடிக்கச் சொன்னவ என்று அவனுக்குச் சொல்லு. வேறொன்றும் சொல்லவேண்டாம். அவனும் என் பிள்ளைதான், அன்று நான் சொன்னதை மறந்திருக்கமாட்டான்.

நீங்கள் இரண்டு பேரும் நல்லாயிருக்க வேணும். குடித்தவுடன் எனக்கு அறிவி. பூட்டின கேற்றுக்குள் அதற்காகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா