பட்டறை லாரியும் நான் மூடிய அட்டையும்

இன்று காலை கம்பெனி வாசலில் நுழைந்ததும் பெயின்ட் தின்னர் வாடை மூக்கில் ஏறியது. வாசலில் நிற்கும் அந்தப் பழைய பட்டாளத்து லாரிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கப் பழைய பச்சைப் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உன் ஞாபகம் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, எரிச்சல். நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகும் இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

லாரி செய்யும் இந்தக் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். நீ பிள்ளைப்பாக்கத்துக்காரன், வெல்டிங் பிரிவு. நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியவன், தரச் சோதனைப் பிரிவு. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் லைனில் வரும் லாரியை நீ சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாப்ள, அந்த மூணாவது போல்ட்ட பாரு" என்பாய். பார்த்தால் லூசாக இருக்கும். அப்போதே எனக்கு வயிறு எரியும்.

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு காயலாங்கடையில் துருப்பிடித்துக் கிடந்த அந்த லாரியைக் கம்பெனி வாங்கி வாசலில் நிறுத்தியது. அது இரண்டாம் உலகப்போரில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்து விளக்கப் பலகை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சாதாரணச் சரக்கு லாரி இல்லை என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது. மூன்று வாரம் இணையத்தில் பழைய கையேடுகளைப் புரட்டினேன். வண்டியின் அடியில் இரும்புக் கயிறு சுற்றும் உருளை ஒன்று இருந்ததை வைத்து, போர்க்களத்தில் சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுக்கும் மீட்பு லாரி இது என்று எழுதிக் கொடுத்தேன். பலகை வந்தது, கீழே என் பெயரோடு. அதைப் போட்டோ எடுத்து ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

நாலாம் நாள் நீ வந்து நின்றாய்.

"இன்னா மாப்ள, பேப்பரயே பாத்துகினு குந்திகினு கீற? வண்டியாண்ட வா."

"ஏல, பலகையே வந்தாச்சு. இன்னும் என்னல பாக்கணும்?"

"பலக கெடக்குது. வா நீ."

லாரிக்குள் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்து வைத்திருந்தாய். அந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டை. சுற்றி எண்ணெய் ஊறிக் கறுத்த மரம். பக்கச் சுவர் இரண்டுக்கும் அடியில் கீல் இருந்தது. மடக்கிக் கீழே இறக்கினால் நின்று வேலை பார்க்க மேடையாகும். பலகை இடுக்கில் கம்பியை விட்டு நோண்டி எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல், லேத்தில் கடையும்போது உதிர்வது.

"இங்க லேத் மிஷின் இருந்துகீதுடா. இது இஸ்துகினு போற வண்டி இல்ல, ரிப்பேர் பண்ற வண்டி. பட்டாளம் போற எடத்துக்கெல்லாம் பட்டறையே கூடப் போயிகீது. அந்த உருளை, இது மாட்டிக்கினா இதுவே கரையேறத்துக்கு." பிறகு சிரித்தாய். "சண்டையிலயும் நம்மள மாதிரி ரெண்டு பேரு ஓவர்டைம் பாத்துகினு இருந்துகிறானுங்க பாரேன்."

கையேட்டைத் திறந்து பார்த்தேன். நீ சொன்ன வண்டி அச்சு அசலாக அதில் இருந்தது, நான் தாண்டிப் போன பக்கத்தில்.

லைனில் வந்த வண்டியை நடத்துவதுபோலவே பலகையையும் நடத்தினாய் நீ. வண்டியில் தப்பு கண்டால் எழுதி வைக்கும் குறை அட்டை ஒன்றை எடுத்து, 'பலகை தப்பு, இது பட்டறை லாரி' என்று எழுதி, உன் பெயரைப் போட்டு என் மேஜையில் வைத்தாய். எழுதிய குறையைச் சரிசெய்யாமல் அட்டையில் கையெழுத்துப் போட்டு மூடக் கூடாது. நம் லைனில் அது வேதம். நான் 'சரிபார்த்தேன், குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டு மூடினேன். பொறாமையில் செய்தேன். வேறு எந்தக் காரணமும் கிடையாது.

மேலாளரிடம் போவாய் என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போகவில்லை. டீக்கடையில், "மூடிட்டியா? சரி வுடு" என்று சொல்லி உன் வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாய். தின்றேன். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் அசையாமல் நின்றது. அதற்குள் ஒரு நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் உன் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருந்தேன். முடிந்ததும் வீட்டில் காபி கொடுத்துக்கொண்டே உன் மனைவி சொன்னாள்: "அண்ணே, அந்த வாசல் லாரிக்குள்ள பட்டறையே இருந்துச்சின்னு நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே? 'என் பிரண்டு படிச்சவன், அவந்தான் புடிச்சான்'னு வர்றவங்க போறவங்களாண்டல்லாம் சொல்லிகினே இருப்பாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன். அடப்பாவி, கண்டுபிடித்ததையும் எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டா போனாய்? கண்ணில்தான் என்னை முந்துகிறாய் என்று இருந்தேன், மனசிலும் முந்தியிருக்கிறாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்று புதுப் பலகைக்குப் பழைய வாசகமே போதுமா என்று புதிதாக வந்திருக்கும் மேலாளர் கேட்டார். ரெக்கார்டு அறைக்குப் போய் உன் அட்டையைத் தேடி எடுத்துவந்தேன். "இத நான் மூடுனது தப்பு சார்" என்றேன். பழைய வாசகத்தில் என் பெயரை அடித்துவிட்டு, பட்டறை லாரி என்றும், கண்டுபிடித்தது நீ என்றும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அட்டையைப் படித்தார். லாரிக்குள் ஏறி அந்த நாலு ஓட்டையையும் தொட்டுப் பார்த்தார். "இன்னா கண்ணு சார் இந்த ஆளுக்கு! இவர உங்க சீட்லயே போட்டிருக்கலாமே" என்றார், என் முகத்துக்கு நேராக.

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"போட்டிருக்கலாம் சார்" என்றேன். உன்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். நீ கேட்கவில்லை.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லையடா. அது அடங்கினால் நீ முழுசாகப் போய்விடுவாய்போல் இருக்கிறது. எரியட்டும்.