பக்கத்து சீட்டில் போட்ட கைக்குட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேனுங்க. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

நேற்று இங்கே மஸ்கட்டில் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனேன். டிக்கெட்டிலேயே சீட் நம்பர் இருப்பதை மறந்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டேன். பீளமேட்டுத் தியேட்டரில், நீங்கள் மில்லிலிருந்து வரும்வரை துண்டு போட்டு இடம் பிடித்த பழக்கம். தியேட்டரையே மூடிவிட்டார்கள், பழக்கம் போகவில்லை.

ஒரு பெரியவர் டிக்கெட்டோடு வந்து, "ஆள் வர்றாங்களா தம்பி?" என்றார்.

"அப்பா வந்துட்டிருக்காருங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவர் டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். படம் முடியும்வரை கைக்குட்டையை நான் எடுக்கவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டதுங்க. ஊருக்கு வந்திருக்கிற ஆறுச்சாமி மாமா லீவு முடிந்து இங்கே வரும்போது அவரிடம் ஒரு துண்டு கொடுத்துவிடுங்க. புதுசு வேண்டாம், நீங்கள் தோளில் போடுவதே போதும்.

பூபதி