ஆப்பில் எல்லாம் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

காலை 6.10. பாப்பா பிறந்து ஒன்பதாம் நாள். நேற்று பால் குடித்தது பத்து முறை. பால் கணக்கு ஆப்பில் எல்லாம் பச்சை. வெளியே மூட்டம். துணி காயவில்லை.

ஆப் செட்டிங் என் வேலை. பால் கொடுத்ததும் என் மனைவி அரசி பட்டன் அமுக்கணும்; அமுக்காமல் மூன்று மணி நேரம் தாண்டினால் அவள் போனும் என் போனும் சேர்ந்து கத்தும். வள்ளூர் பவர் பிளான்ட்டில் மீட்டர் பார்த்துக்கொண்டே வீட்டையும் பார்க்கிறேன். கத்தினால் உடனே போன்.

"குட்ச்சிச்சா?"

"குட்ச்சிச்சு."

கட்.

கீழ்வீட்டில் என் அக்கா: "பாலு பத்தலடா அவளுக்கு. பவுடர் டின்னு வாங்கினு வா."

"ரீடிங் கரெக்ட்டா கீது. நீ பேஜாரு பண்ணாதே."

மார்ச் 5, புதன்

ஹெல்த் சென்டர். பிறந்தபோது 2.9 கிலோ. இன்று 2.58. மெஷின் தப்பு என்றேன். நர்ஸம்மா முறைத்தார். எதிர்க்கடையில் ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட் வாங்கி வந்து வைத்தேன். சரியாக ஒரு கிலோ.

வரிசையில் ஒரு அம்மா: "சர்க்கரைக்கு இன்னா தடுப்பூசி நைனா?" எல்லாரும் சிரிப்பு. அரசி மட்டும் இல்லை.

பால் கொடுத்துக் காட்டச் சொன்னார் நர்ஸம்மா. "இப்பத்தான் குட்ச்சா" என்றாள் அரசி. "அப்ப நாளைக்குக் காலைல வாங்க. வெள்ளிக்கிழமை எடை ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரி, அட்மிஷன்."

ஆட்டோவில் ஏறினோம். ஆப்பைத் திறந்தேன். 15 நிமிடம். 15. 15. எல்லாம் 15. எந்தக் குழந்தை இப்படிக் குடிக்கும்? பிளான்ட்டில் பார்த்திருக்கிறேன். மெஷின் பக்கமே போகாமல் ரூமில் உட்கார்ந்து எழுதுகிற ரீடிங். மேலே இருப்பவன் கத்துகிற ஷிஃப்டில்தான் அது அதிகம்.

கேட்டேன்.

"ஆமா, நான்தான் அமுக்கினேன். அது கத்தும். அப்பால நீ கத்துவ. வாய வெச்சா உயிர் போவுது எனக்கு. ரத்தம் வருது. அதுக்கு உன் ஆப்ல பட்டன் கீதா?"

இல்லை.

மாலை. அக்கா டின்னை அவளே வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 6, வியாழன்

லீவ். ஷிஃப்ட் இன்சார்ஜ் போனில்: "பாலு நீயா குடுக்கப் போற?" பின்னால் நாலு பேர் சிரிப்பு. "பாதி வேலை என்னுது சார்." வைத்துவிட்டேன்.

ஹெல்த் சென்டரில் நர்ஸம்மா பார்த்துச் சொன்னார்: பாப்பா வாயில் காம்பு நுனி மட்டும். அதனால்தான் புண், அதனால்தான் பால் இறங்கவில்லை. வாய் நல்லாத் திறக்கும்வரை காத்திருந்து மார்போடு சேர்த்து அணைக்கணும். நர்ஸம்மா என்னையும் விடவில்லை: "சும்மா நிக்காதீங்க, முதுகுக்கு முட்டு குடுங்க." கொடுத்தேன். அரசியின் கால் விரல்கள் மடங்கியே இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. அப்புறம் அந்தச் சத்தம். பாப்பா முழுங்குகிற சத்தம். பதினோரு நாளில் இதை நான் கேட்டதே இல்லை.

"வலி கீது. உயிர் போவல" என்றாள்.

நாளை எடை. செய்ய வேண்டியது:

1. அரசி போனில் ஆப் காலி. அலாரம் எனக்கு மட்டும். பாப்பாவைத் தூக்கி வந்து கொடுப்பது நான்.
2. மூத்திரத் துணி நான் அலசணும். எத்தனை நனையுதோ, பால் கணக்கு அதில்தான்.
3. டின்னை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கணும். கத்தாமல்.
4. "குட்ச்சிச்சா"வுக்கு முன்னால் "வலிக்குதா".
5. எடை ஏறலேன்னா மெஷினைத் திட்டக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூட. உள்ளே விடலேன்னா வாசலில்.