ஐந்தாவது கை

பிப்ரவரி 7, புதன்

கழுகுச் சரிவுக்குக் கீழே, அதே திசை பார்த்த சின்ன மேட்டில் பனியைக் குழி தோண்டிப் பார்த்தேன். மேலே காற்றடித்துப் பலகையாகக் கெட்டித்துப்போன பனி. அடியில், ஜனவரிக் குளிரில் பிடிப்பு விட்டுப்போன பழைய பனி. அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஓடுகிறது. சர்க்கரை மேல் பலகையைச் சாய்த்து வைத்தால் எத்தனை நாள் நிற்கும்? திரும்பும்போது காலடியில் ‘வூம்’ என்று ஒரு முனகல், அடிப்பனி நொறுங்கி உட்காரும் சத்தம். என் எடை தாங்காமல் முனகியிருக்கும் என்றார் கசியான். என் கணவர். கட்டிக்கொண்ட பாவத்துக்கு இதற்கும் சிரித்தேன்.

பிப்ரவரி 8

ஊர்ப் பனிச்சரிவுக் குழு கூடியது. ஐந்து பேர். சரிவுக்குக் கீழாக மேல்குடிக்குப் போகும் சாலை மூடியே கிடக்கிறது. ஐந்து கையும் உயர்ந்தால்தான் திறக்கும், அது எங்கள் ஊர் வழக்கம். நான்கு உயர்ந்தன. ஐந்தாவது, அடியேனுடையது, மடியில்.

“திருவிழா வாரம் இது, புர்கி. வெயிலப் பாரு, பல்லக் காட்டுது” என்றார் மேயர் ஆல்பின்.

“நீங்களுந்தான் காட்டுறீங்க மேயரே. நம்பிடுறதா?”

வீட்டுக்கு வருவதற்குள் தங்கை ஆஃப்ராவின் போன். மேல்குடியில் இருக்கும் ஒரே விடுதி அவளுடையது.

“அக்கா, சனிக்கிழமை விடுதி நிறைய ஆள் வர்றாங்க. கையத் தூக்குனா தேஞ்சா போயிருவ?”

“வர்ற வழியிலேயே புதைஞ்சிட்டாங்கன்னா?”

“நான் நல்லாருந்தா உனக்கு எப்பவுமே பொறுக்காது.”

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9

பனியை நாமே இறக்கிவிடலாம் என்று ஹெலிகாப்டரில் போய்ச் சரிவில் மூன்று குண்டு போட்டார்கள். மூன்று கறுப்புக் குழி. ஒரு பிடி பனி நகரவில்லை. ஊரே கை தட்டியது.

“குண்டுக்கே விழாதது காருக்கா விழும்?” — குழுக் கூட்டத்தில் ஆல்பின்.

குண்டு விழுந்த இடத்தில் பனி தடிமனாக இருந்திருக்கும், மெல்லிசான இடம் வேறெங்கோ இருக்கிறது, விழவில்லை என்பதற்காக உறுதி என்று ஆகிவிடாது என்று ஆரம்பித்தேன். பாதியில் தும்மல் வந்து தொலைத்தது. இரண்டு தரம்.

“அடடா, உனக்கு உடம்பு முடியலியே! போய்ப் படும்மா” என்றார் ஆல்பின். தேன் ஒழுகியது.

உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று உறுப்பினர் உட்காரலாம். என் மாற்று யார்? கசியான்! கூட்டத்தில் ஓசியாகக் கிடைக்கும் பன்றி வறுவலுக்காக அவர் கெஞ்சியபோது நானே பெயர் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

வறுவலைத் தின்றுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார்.

பிப்ரவரி 10

சாலை திறந்தது.

“ஏன் தூக்குனீங்க?”

“எல்லாரும் என்னையே பாத்தாங்க, புர்கி.”

அவ்வளவுதான். சமைக்கவில்லை. அவரே ரொட்டியும் உப்புக்கறியும் வெட்டிக்கொண்டார். விசில் வேறு.

பிப்ரவரி 13

திருவிழா ஊர்வலம். டிராக்டர் வண்டியில் ஊர்த் தச்சர் என் வேடத்தில் — தலையணை மார்பு, சிவப்பு மூக்கு, கையில் கைக்குட்டை. கழிப்பறை வாசலில் தடுப்புக் கட்டை போட்டு, “உள்ளே ஆபத்து, யாரும் போகாதீங்க!” என்று கத்தினார். எல்லோரையும் விட நான்தான் உரக்கச் சிரித்தேன். வேறென்ன செய்ய? என்னை நானே கேலி செய்து பிழைப்பவள். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சரிவும் அவர்கள் கட்சிதான். அசையவே இல்லை.

பிப்ரவரி 15

வந்துவிட்டது.

ஜன்னல் அதிர்ந்தது. ஓடிப் பார்த்தால் சாலை மேல் வீட்டுயரப் பனி, நடுவே முறிந்த மரங்கள் குத்திட்டு நிற்கின்றன. கசியான் ஆஃப்ரா விடுதிக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தார். போன் எடுக்கவில்லை. எடுக்கவில்லை. கடவுளே, எடுய்யா — எடுத்தார்.

“பின்கண்ணாடில பாத்தேன்... ரோடு இல்ல, புர்கி.”

மேல்குடியில் இருக்கிறார். முழுசாக. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் ஆல்பின் ஊர் மதுக்கடையில் எழுந்து நின்றார். “ஒரு உசுருக்கும் சேதமில்ல. அப்போ நாம எடுத்த முடிவு சரிதானே?” எல்லாத் தலையும் ஆடியது. செத்துக் காட்ட ஒருவராவது வேண்டுமோ?

பிப்ரவரி 16

குழு. சரிவின் இடப்பாதிதான் வந்திருக்கிறது. வலப்பாதி இன்னும் மேலே தொங்குகிறது. அதற்குக் கீழே பனி அள்ளும் இயந்திரத்தை அனுப்பி நாளைக்கே சாலையைத் திறக்க வேண்டுமாம், ஆஃப்ராவின் விருந்தாளிகள் ஊர் திரும்ப வேண்டுமாம். நான்கு கை உயர்ந்தது.

“உன் புருஷனே அந்தப் பக்கம் மாட்டியிருக்காரே” என்றார் ஆல்பின், இழுத்து. “உடம்பு எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு. மாத்து ஆளுதான் ஊர்ல இல்ல.”

அப்போது கசியானின் போன். பின்னால் ஆஃப்ரா கத்துவது கேட்டது: “நாளைக்குத் தொறப்பாங்களான்னு கேளுங்க அத்தான்!”

அவர் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கையத் தூக்கிடாத, புர்கி.”

அங்கே சாப்பாடு அவ்வளவு ருசியா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசைக்கடியில் கோத்துக்கொண்டேன்.