பதினோரு எழுத்துச் சொல்

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் தராதவற்றையும் விடமாட்டேன்.

மூன்று நாளாக எனக்கு இருமல். இன்று மாலை ஜெபம் முடிந்ததும் விடுதி மேட்ரன் அம்மா ஒரு கரண்டி மருந்து ஊற்றித் தந்து, போத்தலை மூடி வைக்கச் சொன்னார். தக்கையை அழுத்தும்போது லேபிளில் உன் சொல் இருந்தது. இபெகாகுவானா. அதைப் பார்த்ததும் நெஞ்சில் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமைகளில் துணி துவைக்கும் கல்லில் நாம் விளையாடிய விளையாட்டு அது. ஒருத்தி நாலைந்து ஆங்கில எழுத்துகளைச் சொல்வாள். அவை எல்லாம் வருகிற சொல்லை இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். நீளமான சொல்லுக்கே வெற்றி. தோற்றவள் இரண்டு பேர் பாவாடையையும் பிழிய வேண்டும். நான் பெரும்பாலும் அப்பாவின் கடைச் சாமான்களிலிருந்து சொல் எடுப்பேன். நீ சிரிப்பாய்.

"ஒனக்கு எல்லாச் சொல்லும் பதுளைக் கடைவீதியிலதான் மொளைக்குது புள்ள."

"ஒனக்கு மட்டும்? எல்லாம் மருந்துப் போத்தல்ல இருந்து."

"ஆமா. எங்கப்பா கழுவி வைக்கிற போத்தல்தான் எனக்கு அரிச்சுவடி."

உண்மைதான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உன் அப்பா டிஸ்பென்சரியில் போத்தல் கழுவுகிற வேலையில் இருந்தார். லேபிள்களைத் தண்ணீரில் உரித்து, லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டி நீ வாசிக்கப் பழகினாய். அதைக் கண்ட மிஷன் அம்மாதான் உன்னை இந்த விடுதிக்குக் கூட்டி வந்தார்.

போன வருஷக் கடைசியில் டீச்சரம்மா அதே விளையாட்டைப் போட்டியாக வைத்தார். வெல்பவளுக்கு இன்னும் ஒரு வருஷம் விடுதியில் இலவசமாக இடம். உனக்கு அது இல்லாவிட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். எனக்கும் அது வேண்டியிருந்தது. "சும்மா கெடைச்சா படி. இல்லாட்டி வீட்டுக்கு வா, மாப்பிள்ளை பாக்கணும்" என்று அப்பா சொல்லியிருந்தார். இது உனக்குத் தெரியும். தெரியாததை இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

பி, யு, என், சி, எச். கரும்பலகையில் இந்த ஐந்து எழுத்துகள். நான் 'பர்ச்சேசிங்' என்று எழுதினேன். பத்து எழுத்து. உன் இபெகாகுவானாவில் பதினொன்று.

டீச்சரம்மா பள்ளிக்கூடத்துச் சின்ன அகராதியை இரண்டு முறை புரட்டினார். "இதில இல்லையே."

"இருக்குங்க டீச்சரம்மா. எங்க தோட்டத்து டிஸ்பென்சரியில போத்தல்ல ஒட்டியிருக்குங்க."

"தோட்டத்துல எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் உடனே முடிவு சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார். "வேற யாராவது இந்தச் சொல்லைப் பாத்திருக்கீங்களா? எங்கயாவது?"

நான் பார்த்திருந்தேன். அப்பாவின் கடையில் இரண்டாம் தட்டில், கொழும்பிலிருந்து வந்த இருமல் மருந்துப் போத்தல்கள். தூசி தட்டும்போது எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் எழுத்தெழுத்தாக எண்ணியிருக்கிறேன். நீ சொன்னவுடன் அந்தத் தட்டு கண் முன்னால் நின்றது. கையைத் தூக்கினால் போதும். கை மேசை மேல் இருந்தது. அதில் மை பட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா நியாயமான நேரம் காத்திருந்தார். பிறகு என் பெயரை வாசித்தார்.

நீ கோபப்படவில்லை. பெட்டியைக் கட்டும்போது, "ஒன் சொல்லும் நல்ல சொல்லுதான். அடுத்த வருஷம் யாரு ஒன் பாவாடையப் பிழிவா?" என்றாய். மாட்டு வண்டி பசறை ரோட்டில் திரும்பும் வரை நான் கை காட்டினேன். அன்றும் சொல்லியிருக்கலாம். வண்டி மெதுவாகத்தான் போனது.

அங்கே நீ காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போவதாக எழுதியிருந்தாய். 'கூடை கனமில்லை, குளிர்தான்' என்று ஒரு வரி. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்தப் போத்தலைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருந்தது. அதனால் எழுதவில்லை.

போன ஞாயிறு அப்பா வந்தார். "ஒன்னோட படிச்சிச்சே, அந்தத் தோட்டத்துப் புள்ள, காய்ச்சல்ல போயிருச்சாம். அவங்கம்மா கடைக்கு வந்து கோடித் துணி எடுத்துட்டுப் போனாங்க" என்றார். பிறகு, "சவுக்காரம் இருக்கா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அன்று இரவு சோறும் சாப்பிட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று போத்தலை எடுத்துக்கொண்டு டீச்சரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார்.

"அட, இருக்கு. இப்பதான் பாத்தியா?"

"இல்லைங்க. நீங்க கேட்டப்பவே தெரியும். எங்க கடையில பாத்திருந்தேன்."

லேபிளை இன்னொரு முறை வாசித்தார். என்னைத் திட்டவில்லை. "வருஷம் இன்னும் முடியல. மிஷன் அம்மாகிட்ட நான் பேசுறேன். நீ அந்தப் புள்ளைக்கு நாளைக்கே ஒரு கடிதம் எழுது, வரச் சொல்லி" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் போத்தலைத் திருப்பித் தர மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வந்து படுக்கையில் உட்கார்ந்து, அவர் எழுதச் சொன்ன கடிதத்தை எழுதினேன். வரச் சொல்லும் வரி மட்டும் இதில் இல்லை. என்னிடம் இருப்பது உன் வருஷம். அதில் ஐந்து மாதம் மீதி இருக்கிறது. நாளை முதல் மணிக்கு நான் எழுந்து, உன்னுடையதாக இருந்திருக்க வேண்டிய வகுப்பில் போய் உட்காருவேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.