தேவனாம்பட்டினத்துக்கு நேரே ஒரு பாய்மரப் படகு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டதும் "ம்..." என்பீர்களே, அதற்காகக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன். செம்மண்டலம் வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் உங்கள் அம்மாவும்தான். தானே புயலில் வாசல் வேப்பமரம் சாய்ந்துவிட்டது. நீங்கள் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் இப்போது வெயில் கொளுத்துகிறது.

இன்னொரு சேதி, கோபப்படாமல் கேளுங்கள். நான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

சிரிக்கிறீர்களா, பயப்படுகிறீர்களா? சிதம்பரத்தில் படித்த காலத்தில் பிச்சாவரம் போனோமே. "தண்ணி இடுப்பளவுதான் சார், எறங்கி நடந்தே போயிடலாம்" என்று படகுக்காரர் சொன்ன பிறகும், கரை சேரும் வரை என் துப்பட்டாவை நீங்கள் விடவில்லை. இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

அவ்வளவு பயந்த மனிதரைத்தான் தேவனாம்பட்டினத்துக் கடலில் கரைத்தோம். பெண்கள் வர வேண்டாம் என்றார்கள், நான் போனேன். உங்கள் தம்பி அஸ்தியைக் கரைத்து, முங்கி எழுந்து வந்து, "அண்ணி, நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார். நான் பார்க்கவில்லை. மணல் முடிந்து, ரோடு வந்து, வேனில் ஏறும் வரை கழுத்தை அசைக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வங்கியில் கவுன்ட்டரை விட்டு எழுந்து எழுந்து நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் போய், மலைப்படி ஏறி, சாமி கும்பிடாமலே இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். என்ன தேடுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பார்த்துப் பொறுக்காமல்தான், என்னோடு வேலை செய்யும் ரெஜினா என்னைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவர் ஜெரால்டு பிரெஞ்சுக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். திரும்பி வரும்போது ஒரு பழைய பாய்மரப் படகையும் கொண்டுவந்துவிட்டார். அதில் சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய கைக்கு இது ஏறவே இல்லை. "என்னாங்க, எங்களத் திரும்ப பிரான்சுக்கே அனுப்பப் பாக்குறீங்களா?" என்று ஜெரால்டு கத்துவார்.

ஆனால் அங்கே என்னால் உட்கார முடிந்தது. படகே சதா ஆடிக்கொண்டிருப்பதால் நான் ஆடுவது வெளியே தெரியவில்லையோ என்னவோ.

போன மாதம் நாகப்பட்டினம் வரை போய் வந்தோம். அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும். குக்கரைக் கம்பியால் பிணைத்து வைத்துத்தான் சமைக்க வேண்டும். ரசம் வைத்தால் பாதி தரைக்கு. மாற்றி மாற்றித் தூங்குவோம், உருண்டு விழாமலிருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணி கட்டிக்கொண்டு. எல்லாம் பழகிவிட்டது. போகும்போது நம் கடலூர், தேவனாம்பட்டினம் கரை வந்த நேரத்தில் மட்டும் நான் உள்ளே இறங்கி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே நறுக்கினேன்.

திரும்பும் வழியில் ஜெரால்டு ஒரு பயிற்சி வைத்தார். ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆரஞ்சு நிற மிதவை ஒன்றை வீசினார். ஒருவர் படகைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் மிதவையை நோக்கிக் கையை நீட்டி, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். கண்ணை எடுத்தால் அலைக்குள் ஆள் தொலைந்துவிடுவார்.

கை நீட்டுவது என் வேலை. படகு முன்னே போகப் போக மிதவை என் முதுகுப் பக்கம் போய்விட்டது. திரும்ப வேண்டியதுதானே? கழுத்து வரவில்லை. முகத்தை நேரே வைத்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டியபடி நின்றேன்.

"எங்கங்க காட்டுறீங்க? பாருங்க!" என்றார் ஜெரால்டு.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க."

"யாரு சொன்னது?"

ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. வந்து என் கன்னங்களைப் பிடித்துத் திருப்பினாள். "செல்வி, இது கரை இல்லடி. இங்க நீ பாக்கலன்னா ஆளு போயிடுவாரு."

பார்த்தேன். தூரத்தில் ஆரஞ்சாக ஒரு பொட்டு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. மிதவையைத் தூக்கி உள்ளே போட்ட பிறகும் நீட்டிய கை இறங்கவில்லை.

அடுத்து போர்ட் பிளேர். பல நாள் கரையே தெரியாது. எனக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். உங்கள் அம்மாதான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஒருத்தனக் கடல்ல வுட்டது பத்தாதா? நீயும் போயிட்டா நான் யாரு மொகத்தப் பாத்து எழுந்திரிக்கறது?"

அவர் கேட்டது நியாயம்தானே? வரவில்லை என்று ரெஜினாவிடம் சொல்லப் போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, போனை வைத்துவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மிதவைக் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அவனுக்குத் தண்ணின்னாலே ஆவாதுடி. தலைக்கு ஊத்துனாவே கத்துவான். அங்க தனியா வுட்டுட்டு, ஒருத்தருமே திரும்பிப் பாக்காம வந்துட்டமே."

கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்தப் படகு தேவனாம்பட்டினம் பக்கமா போவுமா?" என்றார்.

"கேட்டா போவாங்க, அத்தை."

"அப்ப போ. போயி அவனப் பாரு. நான் கரையில நிக்கறேன். ஒன்ன நான் பாத்துக்கறேன்."

நாளைக்குக் கிளம்புகிறோம். புதுச்சேரியிலிருந்து தெற்கே இறங்கி, தேவனாம்பட்டினத்துக்கு நேரே வந்து, அப்புறம்தான் கிழக்கே திரும்புவோம். ஜெரால்டு ஒத்துக்கொண்டார். மனம் இப்போதும் நிலைகொள்ளவில்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவில் எத்தனை முறை எழுந்து நடந்தேன் என்று அத்தையைக் கேட்டால் சொல்வார்.

ஆனால் இது சத்தியம். படகின் பின்பக்கம் நின்று, உங்கள் பக்கம் கையை நீட்டியிருப்பேன். கரை மறைகிற வரை கண்ணை எடுக்க மாட்டேன். வரும்போதும் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். அந்தப் பிச்சாவரத்துத் துப்பட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். பயமாக இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி,
கரையில் நிற்கப்போகும் உங்கள் அம்மாவின் மருமகள்,
செல்வி